படுக்கையறைச் சுவருக்கு வால்பேப்பரா, ஜமுக்காளமா?

கட்டில் தலைமாட்டுச் சுவர் வெறுமையாக இருந்தால் அறை லாட்ஜ் மாதிரி தெரியும். ஈரோட்டில் எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தாயிற்று.

வால்பேப்பர் ஒரே நாளில் ஒட்டி முடியும். பூ, இலை, கோடு என்று கேட்ட டிசைன் கிடைக்கும். ஆனால் எங்கள் சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை. இரண்டாவது மழைக்காலத்தில் ஓரம் சுருண்டு, பின்னால் கருப்பாகப் பூசணம். காய்ந்த சுவர் என்றால் சரி, ஒட்டலாம்.

ஜமுக்காளம் வேறு ரகம். பவானியில் குழித்தறியில் கையால் நெய்வது, புவிசார் குறியீடு பெற்றது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக ஓடுவதால் தனியாக ஓவியமே வேண்டாம். முரட்டு நூல், நல்ல கனம். வெறும் ஆணியில் மாட்டினால் நடுவில் தொங்கிவிடும். மேல் விளிம்பின் பின்பக்கம் துணிப்பட்டை தைத்து, அதற்குள் கம்பி விட்டு மாட்டுங்கள். பட்டைகள் நெட்டாக நிற்கும்படி மாட்டினால் அறை உயரமாகத் தெரியும். நேர் வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம், சாயம் வெளுக்கும். தூசியும் பிடிக்கும், மாதம் ஒருமுறை மாடியில் உதறுவது என் வேலை.

மற்ற சுவர்கள் வெள்ளை, கட்டில்மேல் ஒற்றை நிறச் சென்னிமலைப் போர்வை. அங்கேயும் கோடு போட்டால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. அப்புறம், விருந்தாளி வந்தால் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஜமுக்காளத்தைக் கழற்றி விரிக்கச் சொல்வார், அதுதான் தொல்லை.