ரோல் ஆளா, காண்ட்ராக்ட் பேட்சா, கூப்பிட்டா வர்ற ஆளா? ஒரு திருப்பூர் கணக்கு

திருப்பூர்ல முப்பது தையல் மெஷின் போட்டு கார்மெண்ட்ஸ் யூனிட் நடத்தறவங்க யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான், ரோல்ல, அதாவது நேரடியா நம்ம சம்பளப் பட்டியல்ல, ஆள் வச்சா கட்டுபடியாகலைங்க, காண்ட்ராக்ட்ல விட்டுட்டோம். டெய்லர் கிட்ட கேளுங்க, ஷிப்ட்ல என்னங்க வருது, பீஸ் ரேட்ல, அடிக்கற பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி பேசி, போனாதான் நாலு காசு பாக்கலாம்னு அவரும் சொல்லுவார். அட ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்களேன்னு தோணும், ஆனா ஆர்டர் இல்லாத ஒரு வாரம் வரட்டும், அப்ப தெரியும் சேதி. நான் யூனிட்டுகளுக்கு பி.எஃப், இ.எஸ்.ஐ, சம்பளக் கணக்கு பாத்துக் கொடுக்கற ஆளு, அதனால ரெண்டு பக்கத்துப் புலம்பலும் என் டேபிளுக்குத்தான் வரும். என்னைக் கேட்டா ரேட்டை வச்சு ஒப்பிடறதே வேஸ்ட். மெஷின் ஓடாத நாளோட காசு யார் பாக்கெட்டுல இருந்து போகுதுன்னு மட்டும் பாருங்க, எல்லாம் வெளிச்சமாயிடும்.

முதல்ல கணக்கு. நம்பர் எல்லாம் புரியறதுக்காக நான் போட்டது, உங்க யூனிட் ரேட்டை வச்சு மாத்திக்கோங்க. ஒரு டெய்லருக்கு ஷிப்ட் 550 ரூபாய்னு வைங்க. ரோல்ல எடுத்தா ஓனர் பக்கத்து பி.எஃப் எல்லாம் சேத்து 13 சதவீதம், அது ஒரு 72 ரூபாய். இ.எஸ்.ஐ 3.25 சதவீதம், 18 ரூபாய். தீபாவளி போனஸ் குறைஞ்சது 8.33 சதவீதம்னு பாத்தா நாளுக்கு 46, கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கற பணிக்கொடைக்கு, ஒதுக்கறது ஒரு 26. ஆக ஒரு ஷிப்ட் 710 ரூபாய் கிட்ட வருது. அதே வேலையை காண்ட்ராக்ட் பேட்ச் கிட்ட விட்டா, அந்த ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற மேஸ்திரியோட கமிஷனும் சேந்து 760 ஆகுதுன்னு வைங்க. மாசம் 26 நாளும் லைன் ஓடினா ரோல்தான் மலிவு, 18,460 ரூபாயில முடிஞ்சுது. 18 நாள்தான் ஓடுதுன்னா, 26 நாளுக்கும் சம்பளம் கொடுக்கற நேர்மையான ஓனருக்கு ரோல் அதே 18,460, காண்ட்ராக்ட்டுக்கு 13,680 தான். ரெண்டும் சமமாகற இடம் மாசத்துக்கு 24 நாள் சொச்சம். அதுக்கு மேல லைன் ஓடற யூனிட்டுல காண்ட்ராக்ட் விடறது வெறும் பழக்கம்தான், லாபம் கிடையாது.

"26 நாளுக்கும் சம்பளம் கொடுக்கற" அப்படின்னு எழுதும்போதே சிரிப்பு வருது, ஏன்னா இங்க ரோல்ல இருக்கறவங்களுக்கே வந்தாதான் ஷிப்ட், கட்டிங் இல்லைன்னா "நாளைக்கு வாங்க"ன்னு கேட்லயே அனுப்பிடறது சகஜம். சட்டம் இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற ஃபேக்டரியில, ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்த ஆளை வேலை இல்லைன்னு நிறுத்தி வச்சா, லே-ஆஃப்னு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேந்ததுல பாதி கொடுக்கணும். ஓனருக்குப் பாதி நஷ்டம், தொழிலாளிக்குப் பாதி, நியாயமாத்தான் படுது. ஆனா பதிலி, கேஷுவல்னு எழுதி வச்ச ஆளுக்கு இது வராது. முப்பது மெஷின் யூனிட்டோ 50-ஐத் தொடவே தொடாது, தொட்டாலும் கொஞ்சம் தள்ளி வேற பேர்ல இன்னொரு யூனிட் இருக்கும்.

இனி காண்ட்ராக்ட் பீஸ் ரேட். இதுல நாளை விட மணி நேரம்தான் கதை. ஒரு உதாரணம் சொல்றேன், புது ஸ்டைல் லைன்ல ஏறுது, கழுத்துப்பட்டி புது மாதிரி, முதல் ரெண்டு நாள் கை செட் ஆகாது, வழக்கமா அடிக்கற பீஸ்ல பாதி கூட வராது. மூணாவது நாள் வேகம் பிடிக்கும்போது மெயின் லேபிள் வரலைன்னு லைன் மூணு மணி நேரம் நிக்கும். பிளாட்லாக் டெய்லர் மெஷின்ல தலை சாச்சு உக்காந்திருப்பார், கைமடி, அதாவது ஹெல்பர் அக்காமார் பண்டல் மேல உக்காந்து போன் பாத்துட்டு இருப்பாங்க, ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் லேபிள்காரனுக்கு போன் மேல போன் போட்டுட்டு இருப்பார். ஷிப்ட் சம்பளத்துல அந்த மூணு மணி நேரம் ஓனர் காசு. பீஸ் ரேட்ல அது முழுக்க டெய்லர் காசு. கை செட் ஆகாத ரெண்டு நாளும் டெய்லர் காசுதான்.

இதுல ஓனருக்குத் தெரியாம ஒரு நஷ்டம் ஓடிட்டு இருக்கு. லைன் நின்னா தன் காசு போகும்னு இருக்கறவன் லேபிள், நூல், கட்டிங் எல்லாம் முந்தின நாளே வந்துதான்னு பாப்பான். தன் காசு போகாதுன்னா யாரும் பாக்கமாட்டாங்க. பீஸ் ரேட்டுக்கு மாறின யூனிட்டுல பிளானிங் மெல்ல மெல்ல செத்துப்போறதை நான் பாத்திருக்கேன், கடைசியில ஷிப்மெண்ட் லேட்டாகி சரக்கை ஏர்ல போட்டு அனுப்பும்போது வருஷம் பூரா காண்ட்ராக்ட்ல மிச்சம் பிடிச்சது ஒரே தடவையில போயிடும். ஆல்ட்ரேஷன் அடுத்த தலைவலி. ஃபைனல் செக்கிங்ல பீஸ் ரிஜெக்ட் ஆகற நேரத்துக்கு அந்த பேட்ச் அனுப்பர்பாளையத்துலயோ பெருமாநல்லூர்லயோ வேற யூனிட்டுல உக்காந்திருக்கும், மேஸ்திரிக்கு போன் போட்டா எடுக்கமாட்டார். இன்னொண்ணு, மேஸ்திரி கூலியைக் கொடுக்காம ஓடிட்டா அந்தக் கூலிக்கு யூனிட் ஓனர்தான் பொறுப்பு, சட்டத்துல தெளிவா இருக்கு. "நான் அவர்கிட்ட கொடுத்துட்டேனே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

டெய்லர் பக்கம் பாத்தா பீஸ் ரேட் சும்மா வெறும் சுரண்டல்னு சொல்லிட முடியாதுங்க. நல்ல கை, ஒரே ஸ்டைல்ல பெரிய ஆர்டர், கட்டிங் தடையில்லாம வருதுன்னா ஷிப்ட்காரரை விட ஒன்றரை மடங்கு கூட எடுக்கறவங்க உண்டு. சனிக்கிழமை கையில காசு. ரேட் பிடிக்கலையா, திங்கக்கிழமை அடுத்த யூனிட், ஊர்ல எந்தத் தெருவுல போனாலும் கேட்டுல "டெய்லர் தேவை, செக்கிங் தேவை"ன்னு போர்டு தொங்குது. வயசு இருபத்தஞ்சு, கல்யாணம் ஆகலை, உடம்பு நல்லா இருக்குன்னா நானே பீஸ் ரேட்டுக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன். முதுகு வலிக்க ஆரம்பிச்சவங்களுக்கும், கர்ப்பமா இருக்கற பொண்ணுங்களுக்கும், ஊர்ல விவசாயம் பாத்துட்டு நடுநடுவுல வர்றவங்களுக்கும் கணக்கு வேற.

அந்த வேற கணக்கு எங்க இருக்குன்னா இ.எஸ்.ஐ கார்டுல. உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டா 70 சதவீதம் சம்பளம் வருஷத்துல 91 நாள் வரைக்கும் கிடைக்கும், ஆனா அதுக்கு ஏப்ரல் டூ செப்டம்பர், அக்டோபர் டூ மார்ச்னு இருக்கற ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். காண்ட்ராக்ட் ஆளு அந்த ஆறு மாசத்துல 140 நாள் உழைச்சிருப்பார், மேஸ்திரி 60 நாள் காட்டியிருப்பார், மத்ததெல்லாம் கை ரொக்கம். 78 வரலை, பைசா கிடையாது. பல யூனிட் மாறினாலும் ஒரே இன்சூரன்ஸ் நம்பர்ல ஏறியிருந்தா நாள் எல்லாம் சேந்து வரும், ஆனா ஒவ்வொரு மேஸ்திரியும் பழைய நம்பரைக் கேக்காம புது நம்பர் போட்டு வச்சா ஒரே ஆளு பேர்ல மூணு நம்பர், மூணுலயும் அரைகுறை. பி.எஃப்லயும் இதே கூத்துதான், பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், அது நாலஞ்சு யூ.ஏ.என்ல, அதாவது பி.எஃப் கணக்கு நம்பர்ல, சிதறிக் கிடக்கும், சேக்கறதுக்குள்ள ஆதார்ல பேர் ஸ்பெல்லிங் தகராறு வேற.

மூணாவது, கூப்பிட்டா வர்றது. இது பெரும்பாலும் அயர்னிங், பேக்கிங். கன்டெய்னர் நாளைக்கு தூத்துக்குடி கிளம்பணும், சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்ல "பேக்கிங் 15 பேர், நைட், உடனே"ன்னு மெசேஜ் விழும். முதல்ல கை தூக்கினவருக்கு வேலை. ஓனருக்கு இதை விட சவுகரியம் இல்லை, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் காசு. நியாயமாப் பாத்தா ரேட்டும் கொஞ்சம் கூடவே கொடுக்கறாங்க. ஆனா அந்த 15 பேரும் மத்த நாள் போனைப் பாத்துட்டே இருக்காங்களே, அந்தக் காத்திருப்புக்கு யாரும் காசு கொடுக்கறதில்லை. வர்றேன்னு சொல்லி பஸ் ஏறி பல்லடத்துல இருந்து வந்து இறங்கினா "சரக்கு நாளைக்குத்தான்"ன்னு திருப்பி அனுப்பறதும் நடக்குது, பஸ் காசு கூட கிடையாது. நெதர்லாந்துல 2020 ஜனவரியில இருந்து கூப்பிட்டா வர்ற ஆளுக்கு நாலு நாள் முன்னாடியே சொல்லணும், அதுக்குள்ள கேன்சல் பண்ணினா சம்பளம் கொடுக்கணும்னு சட்டம். நம்ம ஊர் ஷிப்மெண்டுக்கு நாலு நாளெல்லாம் நடக்காது, எனக்கே தெரியும். கூப்பிட்டு வந்தவங்களை அரை ஷிப்ட் காசாவது கொடுத்துத் திருப்பி அனுப்பறது நடக்காத காரியமா?

நாலாவது ஒண்ணு இருக்கு, யாரும் சீந்தறதில்லை. ஃபிக்ஸட் டெர்ம், அதாவது ஆறு மாசம், ஒரு வருஷம்னு எழுதி நேரடியா ரோல்ல எடுக்கறது. கார்மெண்ட்ஸுக்குன்னே 2016ல மத்திய அரசு கொண்டு வந்தது. பெர்மனென்ட் ஆளுக்கு உள்ள அதே சம்பளம், அதே பி.எஃப், இ.எஸ்.ஐ. காலம் முடிஞ்சா ஆட்குறைப்பு நஷ்டஈடு கிடையாது. 2025 நவம்பர் 21ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததுல இவங்களுக்கு ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு, முன்னாடி அஞ்சு வருஷம். சம்மர் ஆர்டர் சீசனுக்கு இதை விடப் பொருத்தமா வேற ஒண்ணு இல்லை. ஆனா ஓனருங்க எழுதிக் கொடுக்கறதுன்னாலே பயப்படறாங்க, டெய்லருக்கும் எழுதி வாங்கினா நடுவுல விட்டுட்டுப் போக முடியாதோன்னு சந்தேகம். 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்தா நிரந்தரம்னு தமிழ்நாட்டுல 1981 சட்டம் ஒண்ணு இருக்கு, அது வேற ஓனருங்களைத் தூங்கவிடாம பண்ணுது.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்போ இது எல்லாத்துக்கும் பரீட்சை வந்துச்சு. அமெரிக்கா ஆர்டரை நம்பியிருந்த யூனிட்டுல முதல்ல சத்தமில்லாம நின்னது வாட்ஸ்அப் குரூப், அடுத்து காண்ட்ராக்ட் பேட்ச், ரோல் ஆளுக்கு ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆச்சு. ஓனர் தப்பிச்சாருன்னு சொல்லலாம். ஆனா ஒடிசா, பீகார் பசங்க ஊருக்கு ரயில் ஏறிட்டா அடுத்த ஆர்டர் வரும்போது அந்தக் கையைத் திரும்பப் பிடிக்கறது லேசில்லை, புது ஆளை வச்சு லைனை செட் பண்றதுக்குள்ள முதல் ஷிப்மெண்ட் போயிடும்.

என் சாய்ஸ் கேட்டீங்கன்னா, வருஷத்துல எந்த மாசம் ரொம்ப டல்லோ அந்த மாசத்துலயும் ஓடற மெஷின் எத்தனைன்னு எண்ணுங்க. அத்தனை பேர் ரோல்ல. சீசனுக்கு மேல ஏறற எண்ணிக்கை ஃபிக்ஸட் டெர்ம்ல. பேக்கிங் ராத்திரிக்கு மட்டும் குரூப், அதுவும் வந்தா அரை ஷிப்ட் உறுதின்னு சொல்லி. காண்ட்ராக்ட் பேட்ச் எதுக்குன்னா உங்க மெஷின்ல பழகாத வேலைக்கு, பிரிண்ட், எம்ப்ராய்டரி மாதிரி.

டெய்லருங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, புது மேஸ்திரி கிட்ட சேரும்போது ரேட் பேசறதுக்கு முன்னாடி பழைய இ.எஸ்.ஐ நம்பரையும் யூ.ஏ.என்னையும் எழுதிக் கொடுங்க, அடுத்த மாசம் மூணாவது வாரம் அரசாங்கத்தோட உமங் ஆப்ல போய்ப் பாருங்க, பணம் ஏறலைன்னா அப்பவே கேளுங்க, ஆறு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எனக்கு போன் பண்ணினா என்னால ஒண்ணும் பண்ண முடியறதில்லை.