விளக்கு வழி சொல்லும் கட்டடத்தில் எட்டு மாதம்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நான் வேலை பார்க்கும் கட்டடத்தில், கூரை விளக்குகள் மூலம் வழி சொல்லும் ஏற்பாட்டை எட்டு மாதமாகத் தினமும் பயன்படுத்துகிறேன்.

ஒவ்வொரு எல்இடி விளக்கும் தனக்குரிய எண்ணை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். என் கழுத்தில் தொங்கும் சின்ன ஒளியுணரி அதைப் படிக்கும். போன் அந்த எண்ணைக் கட்டட வரைபடத்தில் தேடி, நான் நிற்கும் இடத்தைக் காதில் சொல்லும். இத்தகைய ஒளித் தொடர்புக்காக, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ வகுத்த 802.15.7 என்ற தரநிலை 2011இலேயே வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் கைக்கு வர இவ்வளவு காலம் ஆனதில் எனக்கு வருத்தம்தான்.

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் உதவாது. முன்பு ப்ளூடூத் பீக்கன், அதாவது இடத்தை அறிய ரேடியோ அலை அனுப்பும் சின்னக் கருவிகள், வைத்து இயங்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். அந்த அலை சுவரைத் தாண்டிக் கசியும். நடைவழியில் நிற்கும்போதே கூட்ட அறைக்குள் இருப்பதாகச் சொல்லும். ஒளி சுவரைத் தாண்டாது. அதனால் கதவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. ஆண்கள் கழிவறையும் பெண்கள் கழிவறையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், கதவைத் திறந்ததுமே சரியான இடம்தானா என்று தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல் போய்வர முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. துப்பட்டா உணரியை மூடினால் பேச்சு நின்றுவிடும். பெரிய ஜன்னல் பக்கம் நேர் வெயில் அடித்தால் தடுமாறும். எங்கே நிற்கிறேன் என்று சொல்லுமே தவிர, எந்தத் திசை பார்த்து நிற்கிறேன் என்பதற்குப் போனின் திசைகாட்டிதான். லிஃப்ட் பக்கத்தில் அது குழம்பும். வழியில் கிடக்கும் நாற்காலி இதற்குத் தெரியாது. வெள்ளைக் கோல் கட்டாயம் வேண்டும்.

அதை மூன்றாவது மாதம் உறுதியாக உணர்ந்தேன். பராமரிப்பின்போது மாடிப்படி அருகே இருந்த விளக்கை வேறு இடத்து விளக்கோடு மாற்றி மாட்டிவிட்டார்கள், வரைபடத்தில் திருத்தவில்லை. காதில் "நேராகச் செல்லுங்கள்" என்று கேட்டது. கோலின் முனை படி விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் வெகுநேரம் கை நடுங்கியது.

இதை அமைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கை மாற்றும் அன்றே அதன் எண்ணையும் வரைபடத்தில் மாற்றுங்கள். இங்கே இப்போது விளக்கு மாற்றியதும் என்னை அழைக்கிறார்கள். ஊழியர் ஒருவர் கூடவே வர, அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்துச் சொல்கிறேன்.