திருகோணமலையில் ஜேர்மன் பி1 வகுப்பு: ஐந்து மாதம் இருந்து பார்த்த அனுபவம்

டொக்யார்ட் வீதிப் பக்கம் ஒரு மாடியில் நடக்கிற ஜேர்மன் வகுப்பில் ஐந்து மாதம் இருந்து பி1 என்கிற நடுத்தர மட்டத்தை முடித்தேன். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், ஊரும் சின்னது.

குறையை முதலே சொல்லிவிடுகிறேன். கேட்டல் பயிற்சி படுமோசம். சேர் தன்னுடைய ஃபோனை ஒரு குட்டி ஸ்பீக்கரில் கொழுவி வைப்பார், மேலே தகரக் கூரை, மார்கழி மழை பிடித்தால் மழைதான் கேட்கும், ஜேர்மன் கேட்காது. இருபது பேருக்குப் பதினாறு கதிரை. ஃபோட்டோகொப்பிக் காசு தனி, அதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை.

ஆனால் வாசிப்பும் பேச்சும் வேறு கதை. ஸ்டேஷனில் டிக்கெட் எடுப்பது, கடையில் தக்காளி வாங்குவது என்ற புத்தகப் பாடத்தை எல்லாம் சேர் ஓரமாக வைத்துவிட்டு, ஆறு வாரம் ஒரே ஆளின் வாழ்க்கையை எடுத்தார். அனெட்டே ஷவான். 1995 முதல் 2005 வரை பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தின் கல்வி அமைச்சர், பிறகு ஊல்ம் தொகுதியில் வென்று பாராளுமன்றம், அதே வருஷமே ஜேர்மன் பிரதமர் மேர்க்கலின் அமைச்சரவையில் கல்வி, ஆராய்ச்சி அமைச்சர். இறந்தகால வினைகள் படிக்க இதைவிட வசதியான ஆள் கிடைக்காது என்பார் சேர்.

பத்து வருஷம் பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர் மத்திய அமைச்சரானதும் பள்ளிக்கூடத்தில் ஏன் கைவைக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். 'எங்களுக்குத் தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை என்று இரண்டு இருக்கிறது, அங்கே எல்லாமே மாகாணப் பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கோ' என்றார் சேர், அதாவது பள்ளிக்கூடம் மாநிலங்களின் கையில். அவருடைய மத்திய அமைச்சின் காசு பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் மாணவர் உதவிக்கும்தான் போனதாம். எங்களோடு படித்த தாதி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னொரு நாள். வெளிநாட்டில் படித்த தகுதி ஜேர்மன் தகுதிக்குச் சமமா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கிற உரிமையைத் தந்த சட்டம், 2012 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது, இவருடைய காலத்தில்தான். அக்கா அந்தத் தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வகுப்பு சூடானது பர்தா விஷயத்தில். ஆப்கானிஸ்தானில் பிறந்த, ஜேர்மன் குடியுரிமை உள்ள ஓர் ஆசிரியைக்கு, தலையை மூடுகிறார் என்பதற்காக 1998 இல் அந்த மாநிலம் வேலை கொடுக்கவில்லை, ஷவானும் அதற்குத் துணை நின்றார். சட்டம் இல்லாமல் அப்படி மறுக்க முடியாது என்று 2003 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது, அடுத்த வருஷமே மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. இதைத் திருகோணமலையில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போது பேசினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சேரின் ஒரே நிபந்தனை, சண்டை ஜேர்மனில்தான் நடக்க வேண்டும். 'வைல்' (ஏனென்றால்) போட்டால் வினைச்சொல் கடைசிக்குப் போக வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் வாயில் படிந்தது, ஏனென்றால் கோபத்தில் பிழை விட்டால் எதிர்ப்பக்கம் சிரிக்கும்.

கடைசிப் பாடம் வீழ்ச்சி. பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் ஆய்வேட்டில் கொப்பி அடித்தது 2011 இல் பிடிபட்டபோது, தானும் 31 வருஷத்துக்கு முன் முனைவர் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் 'மனசுக்குள் மட்டும் வெட்கப்படவில்லை' என்று பத்திரிகைக்குச் சொன்னவர் ஷவான். இரண்டே வருஷத்தில் அவருடைய பட்டத்தையே டுஸ்ஸல்டோர்ஃப் பல்கலைக்கழகம் பறித்தது, 2013 பெப்ரவரி 5. நேரடியாக முனைவர் பட்டத்துக்கே படித்தவர் என்பதால் அதோடு கையில் பல்கலைக்கழகப் பட்டமே இல்லாமல் போனது. நாலு நாளில் பதவி விலகல் அறிவிப்பு. 'மிகக் கனத்த மனதோடு' ஏற்கிறேன் என்று மேர்க்கல் சொன்ன அந்த 'ஷ்வேரன் ஹெர்ட்ஸன்ஸ்' என்ற இரண்டு சொல்லை வைத்து ஆறாம் வேற்றுமை முழுவதையும் சேர் நடத்தி முடித்தார், எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. கொப்பி அடித்த கதையையும் கொப்பி அடித்துத் தந்து காசு வாங்கினார்கள் என்பது தனி.

அப்புறம் வத்திக்கானுக்குத் தூதுவராகப் போனார், 2014 முதல் 2018 வரை. அதைச் சேர் அரை மணித்தியாலத்தில் தாண்டிவிட்டார்.

கொழும்பில் பரீட்சை எழுதினேன். வாசிப்பில் 87, பேச்சில் 82, கேட்டலில் 63. ஒவ்வொன்றிலும் 60 வேண்டும், கேட்டலில் தப்பியது கோணேசர் புண்ணியம்.

சேர்வதென்றால் தை பிறந்து மழை விட்டபிறகு சேருங்கள், கொப்பிக் காசு எவ்வளவு என்று முதலே கேளுங்கள், கேட்டலுக்கு வீட்டில் ஹெட்ஃபோனோடு தினமும் நீங்களாகவே உட்காருங்கள். ஊருக்குள் திரிகிற மான் படியடியில் நின்றால் கையில் இருக்கிற தாள்களைப் பைக்குள் வையுங்கள். என்னுடைய ஆறாம் வேற்றுமையில் பாதி அதன் வயிற்றில்.