வீட்டில் செய்யும் கணினிக்கு எந்தத் திரை வெளியீடு?

எண்பதுகளின் வீட்டுக் கணினிகளைப் போல, சுவிச்சைப் போட்டதுமே பேசிக் என்னும் எளிய நிரல் மொழியில் எழுத விடுகின்ற சிறு கணினியொன்றை ராஸ்பெரி பை பிகோ என்னும் சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையைக் கொண்டு செய்ய விரும்புவோர், படத்தை எவ்வழியால் திரைக்கு அனுப்புவது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். நினைவகம், கடிகார வேகம், வேறு வேலைகளுக்கு மிஞ்சும் இணைப்புக் கால்கள் ஆகிய யாவும் அதைப் பொறுத்தே அமைகின்றன. பழைய தொலைக்காட்சிகளின் கொம்போசிற், கணினி மொனிட்டர்களின் வீஜிஏ, எச்டிஎம்ஐ திரைகளும் ஏற்கும் இலக்கமுறை டிவிஐ ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்த பின், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு நான் வீஜிஏயையே பரிந்துரைக்கிறேன்.

கொம்போசிற்றுக்கு ஒரேயொரு வடம் போதும். ஆயினும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் நிறமும் ஒளிர்வும் ஒரே கம்பியில் செல்வதால் நிற எழுத்துகளின் விளிம்புகள் கலங்குகின்றன. 1982இல் வந்த கொமடோர் 64 வரிக்கு 40 எழுத்துகளோடு நின்றது. 80 எழுத்துகளைக் கொம்போசிற்றில் வாசிப்பது இன்றும் கண்ணை வருத்துகிறது.

வீஜிஏ 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய முறை. அலுவலகங்கள் கழித்த எல்சிடி மொனிட்டர்கள் யாழ். நகரத்துத் திருத்தும் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் வீஜிஏ செருகி இருக்கிறது. 640×480 படத்துக்கு வேண்டிய புள்ளிக் கடிகாரம், அதாவது புள்ளிகளை அனுப்பும் வேகம், 25.175 மெகாஹேர்ட்ஸ்; பிகோவின் இயல்பான 125 மெகாஹேர்ட்ஸை ஐந்தால் பிரித்தால் வரும் 25 மெகாஹேர்ட்ஸை மொனிட்டர்கள் தயக்கமின்றி ஏற்கின்றன. அந்தச் சைகையை சிப்பிலுள்ள, கால்களைத் தானே இயக்கும் பிஐஓ என்னும் பகுதியே உருவாக்குவதால் இரு செயலிக் கருக்களும் பெரும்பாலும் நமக்கே மிஞ்சுகின்றன. நிறச் சைகை 0.7 வோல்ற்றுக்கு மேல் போகக் கூடாது. மொனிட்டருக்குள் 75 ஓம் தடை இருப்பதால், பிகோவின் 3.3 வோல்ற்றுக் காலிலிருந்து 270 ஓம் தடை ஒன்றைத் தொடராக இட்டால் ஏறத்தாழ அந்த அளவே கிடைக்கும். நிறத்துக்கொரு தடையாக மூன்று தடைகள் எட்டு நிறங்களைத் தரும். சிவப்புக்கும் பச்சைக்கும் மும்மூன்று, நீலத்துக்கு இரண்டு என எட்டுத் தடைகளைப் படிநிலையாக இட்டால் 256 நிறங்கள் கிடைக்கும். வானொலி திருத்துபவரிடமே வாங்கக்கூடிய இப்பொருட்களுக்காகக் கொழும்புக்கு எழுத வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய விடயம்.

நினைவகத்தைக் கவனியுங்கள். 640×480 படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பைற்று ஒதுக்கினால் 3,07,200 பைற்றுகள் வேண்டும். பிகோவிடம் இருப்பதோ 264 கிலோபைற்றே. 320×240 படத்துக்கு 76,800 பைற்றுகள் போதும். விளையாட்டுகளுக்கு அதுவே தாராளம்.

டிவிஐ மிகத் தெளிவான படத்தைத் தருகிறது. ஆனால் ஒரு புள்ளிக்குப் பத்து பிற் வீதம் ஒவ்வொரு நிறத் தடத்திலும் அனுப்ப வேண்டியிருப்பதால், வெளியானபோது 133 மெகாஹேர்ட்ஸ் எனக் குறிக்கப்பட்ட சிப்பை 252இல் ஓட்ட நேர்கிறது; எச்டிஎம்ஐ செருகியின் நெருங்கிய கால்களைக் கையால் பற்றவைப்பதும் கடினம். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள திரை உங்களிடம் இருந்தால், இந்தச் சைகைக்கென்றே எச்எஸ்டிஎக்ஸ் என்னும் பகுதியோடு 2024இல் வந்த பிகோ 2ஐ வாங்குங்கள்.