போர்டு கரண்டா, தேர்ட் பார்ட்டியா, குரூப் கேப்டிவா? ஒரு மில்லோட கணக்கு

பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லு, சாங்ஷன் டிமாண்ட் (போர்டு நமக்கு ஒதுக்குன லோடு) 1500 கேவிஏ. மின்வாரியம், அதான் போர்டு, ரேட் ஏத்துனப்ப உக்காந்து கணக்குப் போட்டு குரூப் கேப்டிவ், அதாவது பல மில்லு சேர்ந்து ஷேர் போட்டு சொந்தக் காத்தாலை கரண்ட் எடுக்குற முறைக்குப் போயிட்டோம், அதனால நான் எந்தப் பக்கம் சாய்வேன்னு சொல்லவே தேவையில்லை.

போர்டு கரண்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பில் வரும், கட்டணும், வேற தலைவலி இல்ல. 2022 செப்டம்பர்ல யூனிட் 6.35-ல இருந்து 6.75 ஆனதைத்தான் ஊரே பேசுச்சு, ஆனா நெஜமா அடிச்சது டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒதுக்குன லோடுக்கு மாசா மாசம் கட்டுறது, கேவிஏ-க்கு 350 இருந்தது ஒரே எட்டுல 550. மெஷின் ஓடினாலும் ஓடாட்டியும் சாங்ஷன்ல 90 சதவீதத்துக்குக் கட்டணும்ல, எங்களுக்கு 1350 கேவிஏ, மாசம் 2,70,000 ரூபா கூட. காலைல 6-10, சாயங்காலம் 6-10 பீக் அவர், அதுக்கு 25 சதவீதம் தனி. காத்தாலைக்குப் போனப்புறமும் எங்க பில்லுல டிமாண்ட் சார்ஜ் அப்படியேதான் நிக்குது. அதையும் மிச்சம்னு காட்டுற ஏஜென்ட்டை உள்ள விடாதீங்க.

தேர்ட் பார்ட்டின்னா ஷேர் எதுவும் இல்லாம தனியார் மின் உற்பத்தியாளர்கிட்ட கரண்ட் வாங்குறது. அவங்க சொல்ற ரேட் அழகா இருக்கும். அதுக்கு மேல வீலிங் (போர்டு லைன்ல கரண்டைக் கொண்டு வர்ற கட்டணம்), அப்புறம் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ். நாம போர்டை விட்டுப் போறதால வீட்டு கனெக்ஷனுக்கும் மத்ததுக்கும் குடுக்குற மானியத்துல விழுற துண்டை நம்மகிட்டயே வாங்குறதுதான் இது. அதைச் சேர்த்துப் பாத்தா கையில பெருசா நிக்கல, நாங்க ரெண்டாவது மீட்டிங்லயே தள்ளிட்டோம்.

2003 மின்சாரச் சட்டம் கேப்டிவுக்கு அந்த சர்சார்ஜ் இல்லன்னு சொல்லுது, சூட்சுமமே அங்கதான். ஆனா சும்மா கிடைக்காது. 2005 ரூல்ஸ் படி உபயோகிக்கிறவங்க சேர்ந்து ஓட்டுரிமையோட 26 சதவீதம் ஷேர் வச்சிருக்கணும், வருஷம் உற்பத்தியாகுறதுல 51 சதவீதமாவது அவங்களே எடுத்திருக்கணும். ஷேருக்கு ஏத்த அளவு யூனிட், 10 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அவ்வளவுதான். குரூப்பைத் தனி கம்பெனியா பதிவு பண்ணிக்கிட்டா இந்தப் பங்கு விகிதம் நமக்குப் பொருந்தாதுன்னு நிறைய பேர் நம்பிட்டு இருந்தாங்க, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் பொருந்தும்னு சொல்லிடுச்சு. வருஷக் கடைசில கணக்கு இடிச்சா கேப்டிவ்ங்கிற பேரே போயிடும், மொத்த யூனிட்டுக்கும் சர்சார்ஜ் வரும்.

இந்த விகிதத்தைக் காப்பாத்துறதுதான் மேட்டரே, ரேட் எல்லாம் அப்புறம். பஞ்சு விலை எகிறி ரிங் ஃப்ரேம் (நூல் நூக்குற மெஷின்) பாதியை நிறுத்தி வச்சிருந்த பிப்ரவரில குரூப் அக்கவுண்டன்ட் தம்பி போன் பண்ணுச்சு, "அண்ணா, மார்ச்சுக்குள்ள உங்க பங்கு யூனிட்டை எடுத்துருவீங்களா, இல்லன்னா எல்லாருக்கும் சிக்கல்ங்க". எடுத்துட்டோம். எப்படின்னா நாங்க ஷேர் வாங்குனதே மொத்தத் தேவைல 60 சதவீதத்துக்குத்தான். காத்தாலை யூனிட் முதல்ல கழியும், மீதிதான் போர்டு கணக்கு, அதனால ஓட்டம் குறைஞ்சா போர்டு பங்குதான் சுருங்கும், நம்ம கோட்டா தப்பிச்சுடும். பக்கத்து மில்லுல ஆசைப்பட்டு 90 சதவீதத்துக்கு வாங்கிட்டு அந்த மாசம் ஆர்டரே இல்லாம வெறும் நூலை ஓட்டி குடோன்ல அடுக்குனாங்க.

சேர்றதுக்கு முன்னாடி காத்தாலை எப்ப கமிஷன் ஆச்சுன்னு, அதாவது எப்ப ஓட ஆரம்பிச்சதுன்னு கேளுங்க. 2018 மார்ச் 31-க்குள்ளன்னா வருஷம் முழுக்க பேங்கிங் (மிஞ்சுன யூனிட்டை போர்டு கணக்குல சேர்த்து வச்சு அப்புறம் எடுக்குறது) உண்டு, 14 சதவீதம் பிடிச்சுக்குவாங்க, ஆனா ஆடிக் காத்துல சேர்த்ததை தை மாசம் எடுத்துக்கலாம். அதுக்கப்புறம் வந்ததுக்கு அந்த வருஷ பேங்கிங் கிடையாது, அப்ப காத்து சீசன்ல நம்ம ஓட்டம் எவ்வளவுங்கிறதைப் பாத்துதான் ஷேர் வாங்கணும்.

சோலார் குரூப்ல நாங்க போன வருஷம்தான் சேர்ந்தோம், ஒரு மார்ச் தாண்டுன அனுபவத்தை வச்சு ரொம்பப் பேச மாட்டேன். ஒண்ணு மட்டும், சாயங்கால பீக்குக்கு அது உதவாது, ஆறு மணிக்கு மேல பழையபடி காத்தும் போர்டும்தான்.