ஆக்சஸ் கற்க: படம் போட்ட புத்தகமா, வீடியோவா?

எங்கள் பகுதிச் சிறு நூலகத்தின் இரவல் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது இரண்டு வழியிலும் படித்தேன். ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் ஸ்கிரீன்ஷாட் போட்டு, எங்கே கிளிக் செய்வது என்று எண்ணிட்டுக் காட்டும் புத்தகம். இன்னொன்று யூடியூப் வீடியோ. என் ஓட்டு புத்தகத்துக்குத்தான்.

வீடியோ இலவசம், புத்தகத்துக்குக் காசு. அது தெரிந்ததுதான். மவுஸ் அசைவைப் பார்க்க வேண்டிய இடங்களில் வீடியோதான் சரி. டேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ரிலேஷன்ஷிப்ஸ் விண்டோவில் உறுப்பினர் டேபிளின் பிரைமரி கீயை (ஒவ்வொரு உறுப்பினருக்கும் உள்ள தனி எண்) இழுத்து, இரவல் டேபிளின் உறுப்பினர் எண் மேல் விடுவதை ஒரு தடவை பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

க்வெரியில், அதாவது டேபிள்களிலிருந்து வேண்டியதை மட்டும் தேடி எடுக்கும் இடத்தில்தான், வீடியோ காலை வாரிவிடுகிறது. புத்தகத்தைத் திருப்பாதவர்கள் யார் என்று பார்க்க, க்வெரிக் கட்டத்தில் திருப்பிய தேதிக்குக் கீழே கிரைட்டீரியா (நிபந்தனை) வரிசையில் 'இஸ் நல்' (காலியாக இருப்பது) போட வேண்டும். வடக்குத் தெருக்காரர்கள் மட்டும் வேண்டுமென்றால் தெருப் பெயரையும் அதே வரிசையில் எழுத வேண்டும். ஒரே வரிசையில் உள்ளவை எல்லாமே பொருந்தியாக வேண்டும். கீழே உள்ள 'ஆர்' வரிசை தனிக் கணக்கு. தெற்குத் தெருவையும் சேர்ப்பதற்காக அதை ஆர் வரிசையில் எழுதிவிட்டு, அங்கே இஸ் நல்லை மறுபடி போடாமல் விட்டால், தெற்குத் தெருவில் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவர்களும் பாக்கிப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எர்ரர் எதுவும் வராது. பட்டியல் பார்க்கச் சரியாகவே தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள கட்டமும் விடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆக்சஸில் கட்டம் உள்ள டிசைன் வியூவிலிருந்து விடையைக் காட்டும் டேட்டாஷீட் வியூவுக்குப் போனால் கட்டம் மறைந்துவிடும். அந்தத் திரையைப் பதிவு செய்த வீடியோவை எங்கே நிறுத்தினாலும் ஒன்று தெரியும்போது மற்றது பெரும்பாலும் தெரியாது. என் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருந்தன. விரலை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக என் திரையோடு ஒப்பிட முடிந்தது. அப்புறம், இந்த மாதிரி க்வெரியை நாம் தினமும் எழுதுவதில்லை. சில மாதம் கழித்து மறந்துபோய்த் திரும்பத் தேடும்போது பின்பக்கச் சொல்லடைவில் பார்த்து நேராக அந்தப் பக்கத்துக்குப் போகலாம். வீடியோவில் பட்டையை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

புத்தகம் பழசாகிவிடுமே என்ற பயம் நியாயமானது. 2003 பதிப்புக்கு எழுதியதை வாங்காதீர்கள். 2007-இல் மெனுக்கள் போய், திரையின் மேலே பட்டன்கள் அடுக்கிய ரிப்பன் வந்தது. எம்டிபி என்ற கோப்பு வகையின் இடத்தில் ஏசிசிடிபி வந்தது. பழைய படங்கள் உங்கள் திரையோடு ஒத்துவராது. 2010-க்குப் பிந்தைய பதிப்புக்கான புத்தகம் என்றால், செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். ஐகான்களின் தோற்றம் மாறியிருக்கும், க்வெரிக் கட்டம் அதேதான்.

நான் மேக்ரோ (சில வேலைகளைத் தானாகச் செய்ய வைப்பது) வரைக்கும்தான் போயிருக்கிறேன். விபிஏ என்ற நிரல் மொழியில் எழுதப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கோட் ஓடும்போது என்ன நடக்கிறது என்பதை ஒருவர் பேசிக்கொண்டே காட்டுவது அங்கே கூடுதலாக உதவலாம்.