மெயினில் கருகிய அலுமினிய வயர்: வெட்டிப் போடுவதா, காப்பருக்கு மாறுவதா?

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து மெயின் வரை ஓடியது அப்பா காலத்து அலுமினிய வயர், 16 ஸ்கொயர் எம்.எம். ஃபேன், டியூப்லைட், ஃபிரிட்ஜ் என்று இருந்தவரை அது சும்மா கிடந்தது. ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வந்த பிறகுதான் வம்பு. ஏசி கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் வீடு முழுக்க லைட் ஒரு கணம் மங்கும். ஒரு அறையில் மட்டும் மங்கினால் அந்த லைனைப் பார்க்கலாம், வீடு முழுக்க மங்கினால் மெயின் அல்லது அதற்கு முந்தைய பக்கம். பக்கத்து வீட்டில் மங்கவில்லை என்றார்கள். அதனால் சந்தேகம் எங்கள் மெயின் மேல் விழுந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி, ஓடிக்கொண்டிருந்தது 25 ஆம்பியர் லோடுதான், 40 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) ட்ரிப் ஆனது. "63 போட்டுடுங்க சார், தொந்தரவு இருக்காது" என்றார் முதலில் வந்தவர். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எம்.சி.பி.க்குள் சூட்டில் வளைகிற ஒரு தகடு இருக்கிறது. ஸ்க்ரூ பக்கம் சூடானால், லோடு கம்மியாக இருந்தாலும் அது முன்கூட்டியே வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும். பெரிய எம்.சி.பி. போட்டால் அந்த எச்சரிக்கைதான் போகும், சூடு போகாது.

மூடியைக் கழற்றியபோது உள்ளே வரும் ஃபேஸ் வயரின் சிவப்புத் தோல் ஒரு அங்குலத்துக்குப் பழுப்பேறி, நகம் பட்டால் அப்பளம்போல் உதிர்ந்தது. வெளியே போகும் காப்பர் பக்கம் புதிதுபோல் இருந்தது. சூடு பார்க்கும் கருவியைப் பளபளப்பான ஸ்க்ரூ மேல் நேராகக் காட்டினால் 41 டிகிரி என்று பொய் சொன்னது. மெயினை அணைத்து, மீட்டருக்கு முன்னால் உள்ள ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, அந்த ஸ்க்ரூ மேல் கறுப்பு டேப் துண்டு ஒட்டி, மறுபடி லோடு கொடுத்துப் பார்த்தால் 78. நியூட்ரல் பக்கம் 44தான். இன்னும் உறுதியான சோதனை மில்லிவோல்ட். லோடு ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை வயர் இழையிலும் இன்னொன்றை அதே ஸ்க்ரூவிலும் வைத்தால் நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் வரும், எங்களுக்கு 0.6 வோல்ட் வந்தது. 25 ஆம்பியரில் அது 15 வாட். 25 வாட் சோல்டரிங் அயர்னில் பாதிக்கு மேல், ஒரே ஸ்க்ரூவுக்கு அடியில்! லோடு இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். இதெல்லாம் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, ஏனென்றால் மெயினை அணைத்தாலும் உள்ளே வரும் பக்கம் உயிரோடுதான் இருக்கும்.

சரி, இனி இரண்டு வழி. கருகிய நுனியை வெட்டி, இழைகளைச் சுரண்டி, ஆக்ஸைடு படியாமல் தடுக்கும் பேஸ்ட் தடவி, புது எம்.சி.பி.யில் அதே அலுமினியத்தை முறுக்குவது ஒன்று. ஒரு மணி நேர வேலை, செலவும் கம்மி. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். 13 மாதம்தான் தாங்கியது.

ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அலுமினியம் மென்மையானது. ஸ்க்ரூ அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி விலகும், சூட்டில் காப்பரைவிட அதிகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும், அந்த இடைவெளியில் காற்று பட்டதும் மேலே ஒரு ஆக்ஸைடு படலம் படியும், அது மின்சாரத்தை விடாது. எங்கள் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். "வருஷம் ஒரு தடவை டைட் பண்ணுங்க, போதும்" என்பார்கள். யார் ஞாபகம் வைத்துக்கொண்டு செய்வது? செய்தாலும், ஒவ்வொரு முறுக்கிலும் இழைகள் இன்னும் தட்டையாகி மெலியும், அடுத்த தடவை பிடிக்கவே ஒன்றும் இருக்காது. பராமரிப்பே நோயாகிற பொருளை மெயினில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது என்று எனக்குப் பட்டது.

அதனால் மீட்டரிலிருந்து மெயின் வரை 10 ஸ்கொயர் எம்.எம். காப்பர் போட்டேன். காப்பர் அலுமினியத்தைவிட நன்றாகக் கடத்துவதால் அந்த அளவே 16 அலுமினியத்துக்கு ஈடு. தூரம் பத்து மீட்டர், ஃபேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் வயர் மட்டுமே மூவாயிரத்தை ஒட்டி ஆனது. மீட்டர் மூடியில் சீல் இருப்பதால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, அவர்கள் வந்து திறந்துதான் மாற்ற வேண்டும். காசு மிச்சம் பிடிக்க நடுவில் காப்பரையும் அலுமினியத்தையும் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். மூன்று ஃபேஸ் வீடு என்றால் நியூட்ரல் நுனியை இரண்டு மடங்கு கவனியுங்கள், அது கழன்றால் 230 வோல்ட்டுக்குப் பதில் 400ஐ நெருங்கி வந்து டிவியும் ஃபிரிட்ஜும் சேர்ந்தே போகும்.

அலுமினியத்துக்கு ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். நான் வெறும் வயரைச் சொருகினேன். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் உள்ள லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) ஹைட்ராலிக் கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்திருந்தால் அது நின்றிருக்கலாம், அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. தூரம் நாற்பது, ஐம்பது மீட்டர் என்றால் காப்பர் விலைக்கு அந்த வழியைத்தான் யோசிப்பேன். என் காப்பரும் இரண்டு கோடை தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் முழு லோடில் அளந்தபோது 4 மில்லிவோல்ட்.

கழற்றிய அலுமினியத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று. கருகிய நுனியை மட்டும் வெட்டி எம்.சி.பி. இருக்கும் டிபி பாக்ஸ் மேல் வைத்திருக்கிறேன், அடுத்து யாராவது 63 போடச் சொன்னால் காட்டுவதற்கு.